அரிப்புக் கரையின் மட்டியும் கூர்ப்புப் பாடமும்

நான் வேலையை விட்டு ஒரு வருடமாகிறது. போன மாதம் எங்கள் ஆசிரியர் வள நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் விஞ்ஞான ஆலோசகர் தொலைபேசி எடுத்தார். களஞ்சிய அறையைத் துப்புரவாக்குகிறார்களாம்.

"அண்ணை, இந்தப் பெட்டியளை வைச்சிருக்கவோ, எறியவோ? இப்ப எல்லாத்தையும் படம் போட்டுக் காட்டலாம்தானே?"

"எறியிறதெண்டால் எறியுங்கோ. ஆனா மட்டிப் பெட்டியின்ர கதையை ஒருக்காக் கேட்டிட்டு எறியுங்கோ" என்றேன்.

"கதை கேக்க நேரமில்லை அண்ணை. எழுதித் தாங்கோ."

எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் அவர் திருத்தட்டும். நான் எட்டாம் வகுப்பை முடிக்காதவன்.

பிறந்தது மன்னார் மாவட்டத்துப் பாப்பாமோட்டையில். வயல் வேலை செய்யும் குடும்பம். சண்டைக் காலத்தில் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கினோம். அகதி முகாமில் பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் வீட்டில் வயிறுகள் கூடுதலாக இருந்தன. ஆகவே சங்குக் கடைகளுக்குச் சிப்பியும் சோகியும் தெரிந்தெடுக்கும் வேலைக்குப் போனேன். மூட்டையாக வரும் சிப்பியைத் தரையில் கொட்டி, உடையாதது, பளபளப்பானது, ஒரே அளவானது என்று பிரித்துக் குவிக்க வேண்டும். ஆறு வருடம் அதைச் செய்தேன். பிறகு உப்பளம், கட்டட வேலை, லொறியில் கிளீனர், கேரளாவில் றப்பர் தோட்டம். ஓரிடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது கையில் சாரதி அனுமதிப் பத்திரம் மட்டும் இருந்தது. வள நிலையத்துக்கு வான் வண்டி ஓட்ட ஆள் தேவைப்பட்டது. போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் என் கால் முதன்முதலாக அடங்கியது. ஊர் ஊராகத் திரிவதே அந்த வேலை என்பது காரணமாக இருக்கலாம்.

எனது மேலாள் ஸ்ரெல்லா ரீச்சர். விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஆலோசகர். ஆசிரியர்கள் பயந்து தாண்டிப்போகும் பாடங்களை அவர்களோடு சேர்ந்து நடத்திப் பார்ப்பது அவருடைய வேலை. அதிகம் பேர் தாண்டிய பாடம் கூர்ப்பு. உயிர்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறி வந்தன என்ற பாடம்.

ரீச்சரின் முறை இது. வகுப்பில் கடைசி வாங்கில் பிள்ளைகளோடு இருப்பார். பாடம் முடியும்வரை வாய் திறக்கமாட்டார். ஆசிரியர் பிழையாகச் சொன்னாலும் பிள்ளைகளுக்கு முன்னால் திருத்தமாட்டார். முடிந்த பிறகு அவரோடு மரநிழலுக்குப் போய் ஒரேயொரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கு ஆசிரியர் பதில் தேடும்போதே பிழை தெரிந்துவிடும்.

ஒரு தடவை ஒரு சேர், ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டித் தின்றதால் கழுத்து நீண்டது, அந்த நீண்ட கழுத்தே குட்டிக்கும் வந்தது என்று சொல்லிக் கொடுத்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ரீச்சர் அவரைப் பெருக்கமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார்: "சேர், உங்கட வீட்டில எத்தினை தலைமுறையாப் பொம்பிளைப் பிள்ளையளுக்குக் காது குத்துறீங்கள்?"

"அது தெரியாத காலத்திலயிருந்து, ரீச்சர்."

"ஒரு பிள்ளையாவது ஓட்டையோட பிறந்ததோ?"

சேர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் அதே பாடத்தைத் திருப்பி நடத்தினார். கழுத்து நீண்டவையும் குட்டையானவையும் முன்னமே பிறந்திருந்தன, குறைந்த தீனிக் காலத்தில் நீண்டவை கூடுதலாகத் தப்பின, அவை கூடுதலாகக் குட்டி போட்டன என்று. நான் வானுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று தொடங்கி வகுப்பு நடக்கும்போது வானில் நித்திரை கொள்வதை விட்டுவிட்டேன்.

ரீச்சர் கேட்டபடி நான் சாமான்களும் செய்தேன். வங்காலைப் பக்கம் தரவைச் சேற்றுவெளிக்கு வரும் பறவைகளின் அலகுகளுக்குப் பதிலாக இடுக்கி, கரண்டி, வளைத்த கம்பி. சேற்றுச் சட்டிக்குள் கொட்டையைப் புதைத்துவிட்டு, எந்த அலகு எதை எடுக்கிறது என்று பிள்ளைகள் பார்ப்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மரப்பெட்டி. புதியவர் எறியலாமா என்று கேட்டது இந்தப் பெட்டிகளைத்தான்.

இனி மட்டிப் பெட்டி.

அரிப்புப் பக்கம் ஒரு கரையோரப் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். விஞ்ஞானம் படிப்பித்தவர் அன்ரன் சேர். முப்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவக் கோயிலில் மறைக்கல்வியும் அவரே நடத்துவார். அந்த ஊரில் எல்லோருக்கும் பிடித்த மனிதர். அவர்மேல் முதல் தடவையாக ஒரு முறைப்பாடு வந்தது. பெற்றோர் சிலர் கையெழுத்து வைத்து அதிபரிடம் கொடுத்திருந்தார்கள். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று சேர் படிப்பிக்கிறார் என்பது முறைப்பாடு.

அதிபர் ஒரு முடிவெடுத்தார். பெற்றோருக்கு முன்னாலேயே சேர் அந்தப் பாடத்தை நடத்தட்டும். சண்டையில் முடிந்தால் இனி அந்தப் பாடம் அங்கே நடக்காது, பிள்ளைகள் தாங்களாக வாசிக்கட்டும், சேருக்குக் கணித வகுப்பு.

அன்ரன் சேர் எங்கள் நிலையத்துக்கு வந்து கதிரையின் நுனியில் இருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ரீச்சர், ஒரு விசயம். நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டுமே சொல்லேல்லை. போன வருசம் அந்தப் பாடத்தை நான் நடத்தவேயில்லை. வீட்டில வாசியுங்கோ எண்டு விட்டிட்டன். பிள்ளையள் ரியூசனில அரைகுறையாக் கேட்டதை வீட்டில போய்ச் சொல்லியிருக்கினம்." தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "பாடக்குறிப்புப் புத்தகத்தில நடத்தினதா எழுதியும் இருக்கிறன். அதிபர் ஒப்பம் வைச்சிருக்கிறார்."

நடத்தவில்லை என்று சொன்னால் முறைப்பாடு தள்ளுபடியாகிவிடும். ஆனால் பொய்யாக எழுதியது வெளியே வரும். சொல்லாமல் விட்டால், தான் சொல்லாத ஒன்றுக்காகத் தன் வகுப்பை இழக்கலாம். ரீச்சர் அவருக்குப் புத்தி சொல்லவில்லை.

"அதைச் சொல்லுறதும் விடுறதும் உங்கட முடிவு. பாடத்தை நல்லா நடத்துறதுக்கு நான் உதவி செய்வன். பயம் எதில எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"ஞாயிற்றுக்கிழமை என்னைப் பாக்கிற அதே கண்ணுகள் ரீச்சர், திங்கட்கிழமையும் பாக்கிறது."

குரங்கில் தொடங்கவேண்டாம், கரையில் கிடக்கும் மட்டியில் தொடங்குவோம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அலையடிக்கும் மணலில் விரல்நுனி அளவில் ஒரு மட்டி இருக்கிறது. ஒரே இனம். ஆனால் வெள்ளை, மஞ்சள், ஊதா, கோடு போட்டது, கோடில்லாதது என்று ஒன்றுபோல் மற்றது இருக்காது. ஒரே இனத்துக்குள் இவ்வளவு வித்தியாசம் என்பதைப் பிள்ளைகள் முதலில் கண்ணால் பார்க்கட்டும், மிச்சம் அதிலிருந்து வரட்டும் என்பது திட்டம்.

ரீச்சர் எனக்குச் சொன்னது ஒரே வசனம்தான்: "வேலாயுதம், அரிப்புக் கரையில ஒரு வாளி மட்டிக்கோது அள்ளிக்கொண்டு வாங்கோ."

கரையில் கிடந்த வெற்று ஓடுகளை அள்ளித்தான் வந்தேன். அள்ளியதைக் களஞ்சியத்துச் சீமெந்துத் தரையில் கொட்டிப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பாதி உடைசல். பல மங்கல். பெற்றோர் முன்னால் வைக்கிற பெட்டி, இப்படியா கொண்டுபோவது? கீழே குந்தினேன். கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கியது. முழுசானது இங்கே, உடைந்தது அங்கே. பளிச்சென்ற ஊதா இங்கே, மற்றது அங்கே. பிறகு அளவு. ஒரு மணித்தியாலத்தில் பெட்டி நிறைய ஒரே அளவில், ஒரே ஊதாவில், கண்ணைப் பறிக்கும் மட்டிகள். மிச்சத்தை வேலிக்கு அப்பால் கொட்டினேன். மூடியைப் போடும்போது பெருமையாகக்கூட இருந்தது.

பாடம் நடந்த நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் நடுவில் பிள்ளைகள், சுவரோரம் பெற்றோர். முறைப்பாட்டில் முதல் கையெழுத்து பெனடிற் அண்ணையுடையது. சங்கு குளிக்கப் போகிறவர். அகன்ற நெஞ்சு, உப்பில் சிவந்த கண். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரீச்சர் வழமைபோலக் கடைசி வாங்கில். நான் வாசலில்.

அன்ரன் சேர் தொடங்க முன்னமே பெனடிற் அண்ணை கேட்டார்: "சேர், ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் படைச்சார் எண்டுறீங்கள். திங்கட்கிழமை வேற கதை. எந்தக் கிழமை பொய் சொல்லுறீங்கள்?"

சிலர் சிரித்தார்கள். சேர் அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் அந்தக் கேள்வி இருக்கு அண்ணை. முழுப் பதில் என்னட்ட இல்லை. ஆனா இந்த மட்டியைப் பாக்கிறதுக்கு அந்தப் பதில் வரும்வரைக்கும் இருக்கத் தேவையில்லை. பாத்திட்டுக் கேளுங்கோ."

அது நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். சேர் பெட்டியைத் திறந்து மேசைக்கு மேசை மட்டியைப் பரப்பினார்.

"ஒரே கரையில எடுத்த ஒரே இன மட்டி. வடிவாப் பாருங்கோ. என்ன வித்தியாசம் தெரியுது?"

பிள்ளைகள் பார்த்தார்கள். புரட்டினார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஒரு வித்தியாசமும் இல்லை சேர்" என்றாள் முன்வாங்குப் பிள்ளை. "எல்லாம் ஒண்டுதான்."

"இன்னும் ஒருக்காப் பாருங்கோ."

"எல்லாம் ஒண்டுதான் சேர்" என்று வகுப்பே சொன்னது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது.  வாசலிலிருந்து ரீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சேர் கையில் ஒரு மட்டியை வைத்துக்கொண்டு நின்றார்.  அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார். சுவரோரத்தில் கிசுகிசுப்பு எழுந்தது.

பெனடிற் அண்ணை கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு வந்து ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் குலுக்கிப் பார்த்தார்.

"இதை ஆர் எடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

"எங்க வேலை செய்தனீர்?"

"இப்ப வான் ஓடுறன். முந்தி இராமேஸ்வரத்தில சங்குக் கடைக்குச் சிப்பி தெரிஞ்சனான்."

"அதுதானே பாத்தன்." வகுப்பின் பக்கம் திரும்பினார். "இது எங்கட கரை இல்லைப் பிள்ளையள். இது இவரின்ர கை. எங்கட கரையில அள்ளினால் இப்பிடி வருமோ? கிழவன் கிழவி, நொண்டி முடம், கறுப்பு வெள்ளை எல்லாம் வரும். இந்த மனுசன் கலியாணத்துக்குப் பொம்பிளை பாத்த மாதிரியெல்லோ பாத்து வைச்சிருக்கிறார்."

மண்டபமே சிரித்தது. நானும் சிரிக்கவேண்டியதாயிற்று. அன்ரன் சேர் சிரிக்கவில்லை. அவர் பெனடிற் அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிள்ளைகளிடம் கேட்டார்:

"கரையில எல்லாம் கலந்து கிடக்குது எண்டு மாமா சொல்லுறார். சரியோ?"

"ஓம் சேர்."

"பெட்டியில ஊதா மட்டும் இருக்குது. அப்ப வெள்ளை மட்டியெல்லாம் ஊதாவா மாறினதோ?"

"இல்லை சேர்."

"ஊதாவா வரவேணுமெண்டு மட்டி ஆசைப்பட்டதோ?"

சிரிப்பு. "இல்லை சேர்."

"அப்ப மட்டி என்ன செய்தது?"

முன்வாங்குப் பிள்ளை யோசித்துச் சொன்னாள்: "மட்டி ஒண்டும் செய்யேல்லை சேர். அவர் மிச்சத்தை விட்டிட்டு வந்திட்டார்."

ரீச்சர் கடைசி வாங்கில் நிமிர்ந்து இருந்தார். வருடக்கணக்காக ஆசிரியர்களுக்கு விளங்கப்படுத்த அவர் பாடுபட்ட விசயத்தை அந்தப் பிள்ளை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டது.

பிறகு பாடத்தை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. கரை நூறடி தூரத்தில். நான்கு பிள்ளைகள் ஓடிப்போய் இரண்டு வாளி அள்ளி வந்தார்கள், ஒன்றில் மட்டிக்கோது, மற்றதில் மணல். மணலைத் தட்டில் பரப்பி, கலந்த மட்டியை அதன்மேல் தூவினார்கள். பிள்ளைகள்தான் கொக்கு. ஒரு கணம் பார்த்து ஒன்று எடுக்கவேண்டும், அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். எவ்வளவு நேரம் என்று சேர் கேட்டார்.

"நான் மூச்சடக்கிறன். விடும்வரைக்கும் பொறுக்குங்கோ" என்றார் பெனடிற் அண்ணை.

"வேண்டாம் மாமா. நீங்கள் விடுறதுக்குள்ள பள்ளிக்கூடம் விட்டிடும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அரை மூச்சு என்று ஒப்பந்தமானது. அவர் மூச்சை விட்டபோது தட்டில் மிஞ்சியவை பெரும்பாலும் மணல் நிறம். ஊதா அனேகமாக முடிந்துவிட்டது. இனி முட்டை விட இருப்பவை இவைதான், அப்படியானால் இவற்றின் பிள்ளைகள் எந்த நிறத்தில் கூடுதலாக இருக்கும் என்று சேர் கேட்டார். பதிலைப் பிள்ளைகள் கத்திச் சொன்னார்கள். இதற்குப் பெயர்தான் இயற்கைத் தேர்வு என்று அவர் கரும்பலகையில் எழுதினார்.

பெனடிற் அண்ணை தட்டுக்குமேல் குனிந்தபடி நின்றார்.

"சேர், ஒரு சந்தேகம். உயிர் மட்டி மணலுக்குள்ள புதைஞ்சுதானே இருக்கும். கொக்கு நிறம் பாத்தோ பிடிக்குது? மணலுக்குள்ள அலகை விட்டெல்லோ பிடிக்குது?"

அந்தக் கேள்வி என் மனதில் எழுந்திருக்கவே மாட்டாது. சேர் தட்டிலிருந்து ஒரு மட்டியை எடுத்துப் பார்த்தார்.

"தெரியாது அண்ணை. பிடிக்கிற நேரத்தில நிறம் தெரியுதோ எண்டு கரையில போய்த்தான் பாக்கவேணும். நிறமில்லாட்டி வேற என்ன எண்டும் பாக்கவேணும். கோது தடிப்போ, எவ்வளவு ஆழம் புதையுதோ."

"ஆழம்தான்" என்றார் பெனடிற் அண்ணை. "ஆனா பாப்பம்."

ஒரு தாய் எழுந்தார். "மட்டி சரி. குரங்கு?"

சேர் கரும்பலகையில் ஒரு கொப்பு வரைந்தார், இரண்டாகப் பிரியும் கொப்பு. "இப்ப மரத்தில தாவுற குரங்கு எங்களைப் பெத்ததில்லை அம்மா. அதுகளுக்கும் எங்களுக்கும் எண்ணமுடியாத காலத்துக்கு முந்தி ஒரே மூதாதை. அங்கயிருந்து அது ஒரு வழி, நாங்கள் ஒரு வழி."

"அப்ப மச்சான் முறை எண்டு சொல்லுங்கோ" என்றார் பெனடிற் அண்ணை. "எனக்குச் சில மச்சான்மாரைப் பாக்க நம்பலாம் போலதான் இருக்குது."

சிரிப்பு அடங்கியதும் அதிபர் எழுந்தார். பாடம் தொடரலாம் என்று சொல்லப்போகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. அன்ரன் சேர் சும்மா நின்றிருந்தால் போதும். அப்போது பெனடிற் அண்ணை, கோபமில்லாமல், அறியும் ஆவலில் கேட்டார்:

"இவ்வளவு வடிவாச் சொல்லுறீங்கள். போன வருசம் என்ர மூத்தவளுக்கு மட்டும் ஏன் குரங்கிலயிருந்து வந்தனாங்கள் எண்டு சொன்னீங்கள்?"

 சேர் துடைப்பானை மேசையில் வைத்தார்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப பிள்ளை பொய் சொன்னாளோ?"

"இல்லை அண்ணை. பொய் நான்தான். போன வருசம் இந்தப் பாடத்தை நான் நடத்தேல்லை. நடத்தினதா எழுதி அதிபரிட்ட ஒப்பமும் வாங்கினனான். உங்களுக்கெல்லாம் பயந்து."

 அதிபர், "சேர், பாடம் முடிய என்ர கந்தோருக்கு வாங்கோ" என்றார். பிறகு பெற்றோரைப் பார்த்து, "பாடம் நடக்கும். அவர்தான் நடத்துவார். மற்றது எனக்கும் அவருக்கும் உள்ள விசயம்" என்றார். சேருக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கிடைத்ததென்று பிறகு அறிந்தேன்.

பெனடிற் அண்ணை இன்னும் நகரவில்லை.

"சேர், அவள் சோதினை எழுதி முடிச்சிட்டாள். இப்ப மன்னாரில புடைவைக் கடையில நிக்கிறாள். அவளுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

"லீவு நாளில வரச்சொல்லுங்கோ. அந்த வகுப்பில வேற ஆர் வரக்கூடினமோ, அவையளையும்."

திரும்பி வரும் வழியில் ரீச்சர் வானின் பின்பக்கம் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வேலாயுதம், மிச்ச மட்டியை எங்க கொட்டினீங்கள்?"

"வேலிக்கு அங்கால, ரீச்சர்."

"அதையும் அள்ளி இன்னொரு பெட்டியில போடுங்கோ. ரெண்டு பெட்டியும் இனி ஒண்டாத்தான் போகவேணும்."

அடுத்த பௌர்ணமிப் போயா லீவன்று, போன வருட வகுப்பில் படித்தவர்களில் ஆறு பேர் வந்தார்கள். புடைவைக் கடையில் நிற்பவள், மீன்வாடியில் வேலை செய்பவன், கைக்குழந்தையோடு ஒருத்தி. நான் இரண்டு பெட்டியையும் இறக்கினேன். சேர் மூடியைத் திறப்பதற்குள்ளேயே பெனடிற் அண்ணையின் மகள் தொடங்கிவிட்டாள்: "சேர், குரங்கு இல்லையெண்டால் அந்த மூதாதை என்ன மாதிரி இருந்தது? அதுக்கு முந்தி?" ஒரு பதில் இரண்டு கேள்வியாகிக்கொண்டு போனது. எல்லோருமாகக் கரைக்கு இறங்கி மட்டி தோண்டினார்கள், எது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று விரலால் அளந்தார்கள். பின்னேரப் பஸ் போய்விட்டதை யாரும் கவனிக்கவில்லை. நான் வானில் ஏற்றி ஒவ்வொருவராக வீட்டில் இறக்கினேன். கடைசியாக இறங்கியவள் பெனடிற் அண்ணையின் மகள். இறங்கிக் கதவைச் சாத்தினாள். பிறகு திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அண்ணை, திருக்கையும் சுறாவும் சொந்தமோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. சேரிட்டக் கேட்டிட்டு எனக்கும் சொல்லும்" என்றேன்.